இடைவேளை வரை

அக்டோபர் 10, வெள்ளி

மத்தியானம் இரண்டரை மணிக் காட்சிக்குப் போய் ‘புறத்தாழ்’ பார்த்தேன். என் தம்பி நாதன் எடுத்த முதல் படம். பேய்ப்படம். சென்னையில் பன்னிரண்டு வருஷம் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்துவிட்டு, முப்பத்தேழு வயதில் ஒருவழியாகத் தன் பெயரைத் திரையில் போட்டுக்கொண்டான். பெயர் வந்தபோது முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அது வேறு எதற்கோ அடித்த விசிலாக இருக்கும். அவனை இங்கே யாருக்கும் தெரியாது.

படம் பயமுறுத்தவில்லை.

நாலேகாலுக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். பால் திரிந்துபோயிருந்தது. கடுங்காப்பி போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்து விமர்சனத்தை எழுதி, ஆறு மணிக்குள் வலைப்பூவில் ஏற்றிவிட்டேன். ஒன்பது வருஷமாகக் ‘கருவிழி’ என்ற பெயரில் பேய்ப்படங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். கருவிழி ஆணா பெண்ணா என்றுகூட வாசிப்பவர்களுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை முழுக்க ஊசி குத்துகிற வடிவாம்பிகை, நாற்பத்து நாலு வயது, தனிக்கட்டை என்று தெரிந்தால் சிரிப்பார்கள். விஷயம் தெரிந்தவன் நாதன் ஒருவன்தான்.

இந்த டைரி ஜனவரியில் கூடத்தில் கொடுத்தது. இன்றுதான் பிரித்தேன்.

அக்டோபர் 11, சனி

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறு மணிக்கே வாசலில் நிற்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. முதலில் வரும் ஐந்தாறு பேர் என்னைப் பார்க்கமாட்டார்கள், ஊசியைத்தான் பார்ப்பார்கள். பேய்ப்படங்களில் ரத்தத்தை எப்போதும் தக்காளிச் சாறு மாதிரி பளீரென்று காட்டுகிறார்கள். நாளத்திலிருந்து குப்பிக்குள் இறங்குவது அந்த நிறமே இல்லை. நாவல்பழச் சிவப்பு. இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், ஒருத்தரும் கேட்பதாக இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் மெர்சிக்கு இருபத்தாறு வயது. குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

“நேத்து மத்தியானம் என்னக்கா செஞ்சிய?”

“படத்துக்குப் போனேன். பேய்ப்படம்.”

“ஒத்தைலயா? ஆத்தாடி. நான் போஸ்டரப் பாத்தாலே கண்ண மூடிக்கிடுவேன். பயமா இல்லையா?”

“இல்ல.”

“உங்களுக்கு எதுதாங்கா பயம்?”

அதற்குள் அடுத்த ஆள் வந்து கையை நீட்டிவிட்டார்.

விமர்சனம் நன்றாகப் பரவியிருக்கிறது. ‘பேய்ப்படம் எடுக்க ஓர் இருட்டு வீடும் பூட்டிய அறையும் போதும் என்று நினைத்துவிட்டார் இயக்குநர். மறதி நோய் வந்த தகப்பனை உள்ளே வைத்துப் பூட்டும் மகளை அரக்கியாகக் காட்டுவது சுலபம். அவளைப் பார்த்து நம்மைப் பயப்பட வைப்பது கஷ்டம். முதல் பாதி பொய். இரண்டாம் பாதி அந்தப் பொய்யையும் காப்பாற்றத் தெரியாமல் தடுமாறுகிறது.’ இந்தப் பத்தியை மட்டும் எடுத்து இரண்டு தளங்களில் போட்டிருக்கிறார்கள். ‘கருவிழியே சொல்லியாச்சு, காசு மிச்சம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு ஒரு பழைய மௌனப்படம் பார்த்தேன். நான் பேய்ப்படங்களை ராத்திரி பார்ப்பதில்லை. ராத்திரியில் அடுப்படிப் பூனைகூடப் பயமுறுத்தும். வெயில் தரையில் விழுந்து கிடக்கும்போதும், தெருவில் கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போகும்போதும் முதுகு சில்லிட்டால்தான் அது நல்ல படம்.

இது நல்ல படம். ஒரு மலைவிடுதியில் வேலைக்காரி ஒருத்தி ஒவ்வோர் அறையாகப் படுக்கை விரிக்கிறாள். ஆறு அறைகள். ஏழாவதாக ஓர் அறைக்கும் விரிக்கிறாள். அவ்வளவுதான். பேயே வரவில்லை. அவள் முகத்தில் ஆச்சரியமும் இல்லை. தினமும் செய்கிற வேலை மாதிரி தலையணையைத் தட்டிப்போட்டுவிட்டுப் போகிறாள். கேமரா அந்தப் படுக்கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது வருகிறவர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. கதவு திறக்கும் முன்பே காதைக் கிழித்துவிடுகிறார்கள். நம்மூர் பழைய படங்களிலாவது பனிமூட்டத்தில் பேய் ஒருத்தி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட்டுப் போவாள். அந்தப் பாட்டில் ஒரு துக்கம் இருக்கும். துக்கம் இல்லாத பேயை யாரும் நம்பமாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதி ஏற்றினேன். பிறகு பாத்திரம் கழுவினேன். துணி காயப்போட்டேன். மழை வருகிற மாதிரி இருந்ததால் துணியை எடுத்து அப்பா அறையில் போடலாம் என்று நினைத்து, பிறகு முன்கூடத்திலேயே கொடி கட்டிப் போட்டேன்.

இன்று முழுவதும் நான் வாயால் பேசியது கீரைக்காரியிடம் “ஒரு கட்டு” என்றதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை எட்டரைக்கு நாதன் கூப்பிட்டான். கையுறை போட்டிருந்ததால் எடுக்கவில்லை. ஒரு மணிக்குக் கையுறையைக் கழற்றிய பிறகும் நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

கரூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர். என் வலைப்பூவை ஆரம்பத்திலிருந்து வாசிக்கிறவர். விமர்சனத்துக்குக் கீழே கேட்டிருக்கிறார்: ‘இரண்டாம் பாதி தடுமாறுகிறது என்கிறீர்கள். வசனமே இல்லாத அந்தக் கடைசிப் பதினோரு நிமிடம்? எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது ஆச்சரியம்.’

‘மௌனம் மட்டுமே பயமாகிவிடாது’ என்று பதில் போட்டேன். நல்ல வாக்கியம்தான். பதினேழு பேர் ஆமோதித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிப் படங்கள் நாளை வருகின்றன. ‘புறத்தாழ்’ அநேகமாக எல்லா ஊரிலும் இன்றோடு தூக்கப்படுகிறது. நாதன் செய்தி அனுப்பியிருந்தான்: ‘அக்கா, படம் தூக்கியாச்சு. நீ எழுதுனத வாசிச்சேன். ஒண்ணுமில்ல. மழைல நனையாத.’

நான் எந்தப் பதிலும் அனுப்பவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்க ஆளில்லாததால் நானே மனதுக்குள் கேட்டு, ஆச்சு என்று சொல்லிக்கொண்டேன். மெர்சிக்குக் கொடுக்க அதிரசம் சுட்டேன். பாதி உதிர்ந்துவிட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

காலைக் காட்சிக்குப் போனேன், ஜங்ஷன் பக்கத்தில் ‘புறத்தாழ்’ பார்த்த அதே தியேட்டர். தீபாவளிக்கு வந்த பேய்ப்படம். நாலு நகைச்சுவை நடிகர்கள், ஒரு பங்களா, மந்திரவாதி, எலுமிச்சம்பழம். பேய் ஓடி வருகிறது, அதற்கு முன்னால் நால்வரும் ஓடுகிறார்கள். குழந்தைகள் சிரித்தார்கள். குழந்தைகள் சிரிக்கும்படி ஒரு பேய் இருப்பதில் தப்பில்லை என்று எழுத நினைத்தேன்.

வாசலில் சீட்டுக் கிழிக்கிறவர் முக்காண்டி அண்ணாச்சி. பல வருஷப் பழக்கம். பெண்பிள்ளை ஒருத்தி தனியாக வந்து பேய்ப்படமாகப் பார்க்கிறாளே என்று ஆரம்பத்தில் முறைத்துப் பார்த்தார். இப்போது நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைப்பார். படம் முடிந்து வெளியே வந்தபோது சிரித்தார்.

“இன்னைக்குக் கடைசி வர இருந்துட்டியளே.”

“ஏன் அண்ணாச்சி, நான் எப்பவும் இருப்பேன்லா.”

“எங்க? அந்தப் பூட்டுப் படத்துக்கு வந்தப்ப இன்டர்வல்லயே போய்ட்டியளே. நான் கூப்பிட்டேன், நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. முகமெல்லாம் வெளிறிப்போயி, செருப்பக்கூட ஒழுங்கா மாட்டாம போனிய. மேலுக்குச் சரியில்லையாக்கும்னு நெனச்சேன்.”

“தலைவலி” என்றேன்.

“அதான பாத்தேன். பின்பாதிதான் படமே, தாயி. நான் நாலு தடவ நின்னு பாத்தேன்.”

பஸ்ஸில் வரும்போது மழை. ஜன்னல் ஷட்டர் இறங்காமல் இடது பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

சரி. எழுதிவிடுகிறேன். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். கடைசிச் சட்டகம் வரை பார்க்காத படத்தைப் பற்றி எழுதுவதில்லை என்று வலைப்பூவின் முகப்பிலேயே போட்டிருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் மீறியது இந்த ஒரே தடவை. பார்க்காத இரண்டாம் பாதியைத் தடுமாறுகிறது என்று எழுதினேன்.

நவம்பர் 1, சனி

நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். இன்று எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

அப்பா பிரமநாயகம் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, அவருக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடி, பிறகு தெரு, பிறகு நாங்கள். ஆனால் வேலை மட்டும் மறக்கவில்லை. “லைன் வந்துட்டா?” என்று கேட்பார். வரவில்லை என்றால் சரிசெய்யக் கிளம்பிவிடுவார். எழுபத்தெட்டு வயதில் தெருமுனை மின்கம்பத்தில் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலைப் பிடித்து இறக்கினார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தேன். முதல் ஆளை அடித்தார். இரண்டாவது ஆள் சொல்லாமல் போய்விட்டாள். நான் ஆறு மணிக்குக் கூடத்தில் இருக்க வேண்டும்.

அவர் அறைக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். தச்சர் ஏன் என்று கேட்கவில்லை. காலை ஐந்தரைக்கு இட்லி, தண்ணீர், வாளி எல்லாம் உள்ளே வைத்துவிட்டுத் தாழிடுவேன். ஒன்றரைக்கு வந்து திறப்பேன். இரண்டு வருஷம். சில நாள் நான் தெருமுனை தாண்டும்வரை தட்டுவது கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் போக முடியாது.

யாரிடமும் சொன்னதில்லை. நாதனிடமும். அவன் அந்த இரண்டு வருஷத்தில் ஒரே தடவை வந்தான், பொங்கலுக்கு, இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தாழிடவில்லை. சனி ஞாயிறு மட்டும் அப்பாவோடு ஃபோனில் பேசுவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பிப்ரவரியில் ஒரு நாள் ஒன்றரை மணிக்கு வந்து தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு முழுசாகத் திறக்கவில்லை. அப்பா கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். கட்டிலில் படுக்க வைத்த பிறகுதான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். நல்ல சாவு என்றார்கள்.

இப்போது நாதனின் படம். அப்பாவைத் தபால்காரராக்கியிருந்தான். “தபால் வந்துட்டா?” என்று அந்தக் கிழவர் கேட்டதுமே எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. மகள் தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். புறத்தாழ் விழுகிற சத்தம் பத்து ஸ்பீக்கரில் கேட்கிறது. உள்ளேயிருந்து தட்டுகிறார். அவள் அசையவில்லை. முகத்தில் பாதி இருட்டு. மெல்லத் திரும்பி நேராக என்னைப் பார்க்கிறாள். ‘இடைவேளை’ என்று எழுத்து வருகிறது.

இவனுக்கு எப்படித் தெரியும்? அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. எல்லாம் தெரிந்து, ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டி, என்னைப் பேயாக்கிக் காட்டுகிறான்.

மெர்சி கேட்டாளே, எதுதான் பயம் என்று.

நவம்பர் 2, ஞாயிறு

படம் எதுவும் பார்க்கவில்லை.

நவம்பர் 5, புதன்

ஒரு நாளத்தைத் தவறவிட்டுவிட்டேன். மூன்று தடவை குத்தினேன். பதினைந்து வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. பெரியவர் பொறுமையாக “பரவால்லம்மா” என்றார். மெர்சி என்னை உட்கார வைத்துவிட்டு அவளே எடுத்தாள்.

“அக்கா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?”

“வீட்டுல யாரு இருக்கா, பிரச்சினை வர?”

அவள் குப்பியில் பெயரை ஒட்டி முடித்தாள். பிறகு, “அதுவே பிரச்சினைதானக்கா” என்றாள்.

கூடத்துக்கு எதிரே தேநீர்க்கடையில் முந்தின நாள் பேப்பர் கிடந்தது. ‘புறத்தாழ்’ அம்பாசமுத்திரத்தில் ஒரு தியேட்டரில் மட்டும் இன்னும் ஓடுகிறது. அந்த ஊரில் ஒரு வீட்டில்தான் படம்பிடித்தார்களாம். ஊர்க்காரர்கள் தங்கள் தெருவைப் பார்க்க வருகிறார்களாம். காலைக் காட்சி மட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

எட்டு மணிக்கு அம்பாசமுத்திரம் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் வயலில் தண்ணீர். தியேட்டரில் மொத்தம் இருபது பேர் இருப்போம். பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், மடியில் சோற்றுப் பாத்திரப் பையோடு. வீடு காட்டும்போதெல்லாம் “அது எங்க சித்தப்பா வீட்டுச் சுவரு” என்று என்னிடம் சொன்னாள்.

முதல் பாதியில் கண்ணை மூடாமல் இருந்தேன். இடைவேளை வந்தது. என் கால் எழப் பார்த்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துப் பெண் முறுக்குக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் பாதி சென்னையில் ஆரம்பிக்கிறது. மகன் ஒருவன் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறான். முதல் பாதி முழுவதும் அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டது. படத்தில் அக்காவைத் தங்கையாக்கியிருந்தான். தங்கை அப்பாவைப் பூட்டுகிறாள், தங்கை அரக்கி, அப்படி இருந்தால்தான் அவனால் தூங்க முடியும். அப்பா அவனை ஃபோனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். “கதவப் பூட்டிட்டா. நீ வந்து தொறந்துவிடு.” அவன், “மீட்டிங்குல இருக்கேன்ப்பா” என்கிறான். “ஞாயித்துக்கிழம பேசுதேன்” என்கிறான். அப்பா செத்துப்போகிறார். அதற்குப் பிறகு அவன் வீட்டுக் கதவுகள் எல்லாம் தட்டப்படுகின்றன. குளியலறை, அலமாரி, அலுவலக லிஃப்ட். வெளியிலிருந்து இல்லை, உள்ளேயிருந்து. திறந்தால் யாரும் இல்லை.

அதாவது அப்பா நாதனிடம் சொல்லியிருக்கிறார். அவனுக்கு இரண்டு வருஷமும் தெரிந்திருக்கிறது.

நடுவில் ஒரு காட்சி. பாதி இருட்டில் நின்ற அதே மகளை இப்போது வெளிச்சத்தில் காட்டுகிறான். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறாள், அப்பா தூங்குகிறார். அவரை எழுப்பாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்கு யார் யாருக்கு என்னென்ன தபால் வந்தது என்று தூங்குகிறவருக்குச் சொல்கிறாள். எல்லாம் பொய்த் தபால். நான் அப்படித்தான் எந்தெந்தத் தெருவில் லைன் சரியாகிவிட்டது என்று சொல்வேன். அந்தப் பொங்கலுக்கு வந்தபோது அவன் கட்டிலில் தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறான்.

“பாவம்லா அந்தப் பிள்ள” என்றாள் பக்கத்துப் பெண். “எல்லாத்தையும் அவ தலையில போட்டுட்டு இந்தப் பய மெட்ராசுல உக்காந்துக்கிட்டு போன்ல குசலம் விசாரிக்கான். ஒரு எட்டு வந்து பாத்தா என்னவாம்?”

நான் அழுதது அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தாள்.

கடைசிப் பதினோரு நிமிடம் பேச்சே இல்லை. மகன் ஊருக்கு வருகிறான். பட்டப்பகல், கண் கூசும் வெயில். அந்த அறைக்குப் போகிறான். வெறும் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறான். பிறகு உள்ளேயிருந்து தட்டுகிறான். மெதுவாக, ரொம்ப நேரம். திறக்க யாரும் இல்லை. அதோடு படம் முடிகிறது.

நான் இதுவரை பார்த்ததில் இதைவிடப் பயங்கரமான முடிவு கிடையாது. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. ஓசையைக் குறைத்து, வெயிலைக் கூட்டி, ஒரு மனுஷனை அவன் செய்யாமல் விட்ட காரியத்தின் முன்னால் உட்கார வைத்துவிட்டான். நான் ஒன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த படத்தைத்தான் எழுதிக் கொன்றிருக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

பழைய விமர்சனத்தை அழிக்கவில்லை. அதற்கு மேலே எழுதினேன்:

‘அக்டோபர் பத்தாம் தேதி இந்தப் படத்தை இடைவேளை வரைதான் பார்த்தேன். இரண்டாம் பாதியைப் பற்றி நான் எழுதியது பொய். எழுந்து போனதற்குக் காரணம், படம் என்னைப் பயமுறுத்திவிட்டது. இயக்குநர் என் தம்பி. இது எங்கள் வீட்டில் நடந்தது. நேற்று முழுப் படத்தையும் பார்த்தேன். இது மிக நல்ல படம். என் பேச்சைக் கேட்டுப் போகாமல் இருந்தவர்களிடமும், இதில் உழைத்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். என் பெயர் வடிவாம்பிகை.’

அதற்குக் கீழே முழு விமர்சனத்தையும் எழுதினேன். விடுப்பு போட்டுவிட்டு, மத்தியானம் வரை எழுதினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

திட்டு மழை. ‘தம்பி படத்துக்கு விளம்பரம்’ என்கிறார்கள் பாதிப்பேர். ‘அப்பனைப் பூட்டியவளுக்கு விமர்சனம் ஒரு கேடா’ என்று ஒருவர். கரூர் ஆசிரியர் இரண்டு வரிதான் எழுதியிருந்தார்: ‘ஒன்பது வருஷம் உங்களை நம்பிப் படம் பார்த்தேன். இனி முடியுமா தெரியவில்லை.’ அதுதான் வலித்தது. அவர் சொல்வது நியாயம்.

சாயங்காலம் நாதனைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

“எதுக்குக்கா அப்படி எழுதுன?” என்றான் எடுத்த எடுப்பிலேயே. “உம் பேரு போச்சுல்லா.”

“நான் பாதியில எந்திச்சுப் போனது உனக்குத் தெரியுமா?”

“தெரியும். நீ எந்தப் படத்தப் பத்தி எழுதினாலும் கடைசிக் காட்சியிலருந்துதான் ஆரம்பிப்ப. எம் படத்துக்கு அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்த? வெளிய ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

“சொல்லி? படத்தக் காப்பாத்த அக்காவக் காட்டிக்குடுக்கவா?” என்றான். “அப்பா எங்கிட்ட சொன்னாருக்கா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும். நான் உங்கிட்டக் கேக்கல. கேட்டா வரணும்லா. வரணுமேன்னுதான் கேக்கல.”

“சனிக்கிழம வாரேன்” என்றான்.

நவம்பர் 15, சனி

வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனிலிருந்து நேரே கூடத்துக்கு வந்துவிட்டான். தோளில் பை. மெர்சி உள்ளே வந்து, “அக்கா, ஒருத்தரு ரத்தம் குடுக்கணும்ங்காரு. சீட்டும் இல்ல, வெறும் வயிறும் இல்ல. உங்க சாடையா இருக்காரு” என்றாள்.

நரைத்திருந்தான். அப்பாவின் நெற்றி.

“சர்க்கரை பாக்கணும்” என்றான், பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு. உட்காரச் சொல்லி ரப்பர் பட்டையைக் கட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

“முடிஞ்சுதாக்கா?”

“இன்னும் குத்தவே இல்ல.”

மெர்சி சிரித்துவிட்டாள். “பேய்ப்படம் எடுக்கிறவருக்கு ஊசின்னா பயமாக்கும்!” நாதனும் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரே குத்தில் நாளம் கிடைத்தது.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று மத்தியானம் நடந்ததை இன்று எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு அவனை முன்கூடத்தில் உட்கார வைத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். சாப்பிட்டுவிட்டால் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றிவிடும்.

“நீ கடைசியில வெறும் அறையக் காட்டியிருக்க. அது அப்படி இல்ல, நாதா.”

“எது?”

“அப்பா தூக்கத்துல போகல.”

எல்லாவற்றையும் சொன்னேன். கதவு முழுசாகத் திறக்காதது, நான் பக்கவாட்டில் நுழைந்து போனது, அவர் கால் நீட்டியிருந்த விதம், கட்டிலுக்கு நான் தனியாகத் தூக்கிக்கொண்டு போனது, அவர் அவ்வளவு லேசாக இருந்தது. இட்லி அப்படியே இருந்ததையும் சொன்னேன்.

தெருவில் ஒரு ஆட்டோ நின்று, யாரோ இறங்கி, அது திரும்பிப் போகும்வரை அப்படியே இருந்தான்.

“தட்டினாராக்கா?”

“தெரியல. நான் இங்க இல்ல.”

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

“நானும் இல்ல” என்றான்.

அவன் அழுதான். நான் அழட்டும் என்று விட்டேன். பிறகு நானும் அழுதேன். நாலரை மணிக்குத்தான் பசி தெரிந்தது. நான் சோறு வடித்துச் சீரகரசம் வைத்தேன். அவன் அப்பளம் பொரிக்கிறேன் என்று நாலைக் கரியாக்கினான். அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து, பழைய காலத்தில் அம்மா எங்களுக்குப் போடுவாளே, அந்த மாதிரி ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். கரிந்ததையும் விடவில்லை.

“எப்பவோ வந்திருக்கணும்” என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

“ஆமா. வந்திருக்கணும்” என்றேன். இல்லை என்று சொல்லி அவனைத் தேற்ற எனக்கு மனமில்லை. “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?”

தட்டை நீட்டினான்.